பறித்த செர்ரி இனிப்பதில்லை: சேமிப்பில் பழத்துக்கு என்ன ஆகிறது?

வாழைத்தாரைக் காயாக வெட்டி வைத்தால் சில நாளில் மஞ்சளாகிறது, இனிக்கிறது. செங்காயாகப் பறித்த தக்காளி கூடையிலேயே சிவக்கிறது. செர்ரியிடம் இதை எதிர்பார்க்கக் கூடாது. மரத்தை விட்டு வரும் நேரத்தில் அதற்குள் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ, கடைசி வரைக்கும் அவ்வளவுதான். வாழை தனக்குள் சேர்த்து வைத்த மாவுச்சத்தைப் பறித்த பிறகு சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். செர்ரியில் அப்படி ஒதுக்கி வைத்த மாவுச்சத்து இல்லை. பழுக்கத் தூண்டும் எத்திலீன் வாயுவையும் அது மிகக் கொஞ்சமாகவே வெளியிடும். வெளியிலிருந்து எத்திலீன் கொடுத்தாலும் அது இனிக்கப் போவதில்லை.

அதனால் செர்ரிச் சேமிப்பில் தரத்தைக் கூட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இருப்பது எவ்வளவு மெதுவாகக் கரையும் என்பதுதான் கேள்வி. இதில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. கிடங்கில் கழியும் நாலு வாரத்தைவிட, பறித்த முதல் நாலு மணி நேரம்தான் பழத்தின் தலைவிதியைப் பெரிதும் எழுதுகிறது. முதல் நாலு மணி நேரத்தில் இழந்ததை எந்தக் குளிர் அறையாலும் திருப்பித் தர முடியாது.

இதைப் புரிந்துகொள்ள, பறித்த பழத்துக்குள் நடக்கும் மூன்று செலவுகளைப் பார்க்க வேண்டும்: சுவாசம், நீரிழப்பு, பூஞ்சை. அவற்றோடு, செலவு என்று சொல்ல முடியாவிட்டாலும் பழத்தைக் கெடுப்பதில் முன்னால் நிற்கும் நான்காவது ஒன்றும் இருக்கிறது. அது அடிபடுவது.

குந்தித் தின்றால் குன்றும் மாளும்

பறித்த செர்ரி உயிரோடுதான் இருக்கிறது. அதன் செல்கள் ஆக்சிஜனை எடுத்து, உள்ளே இருக்கும் அமிலத்தையும் சர்க்கரையையும் எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் வெப்பத்தையும் வெளியே விடுகின்றன. மரத்தில் இருந்தவரை இலைகள் சோறு போட்டன. இப்போது வரவு நின்றுவிட்டது, செலவு மட்டும் ஓடுகிறது.

அந்தச் செலவின் வேகத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. ஒரு கிலோ இனிப்புச் செர்ரி 0 டிகிரி செல்சியஸில் மணிக்குச் சுமார் 3 முதல் 5 மில்லி லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடும். 5 டிகிரியில் அது 5 முதல் 9 வரை போகும். 10 டிகிரியில் 15 முதல் 17. 20 டிகிரியிலோ 22 முதல் 28. கூட்டிக் கழித்துப் பார்த்தால், 20 டிகிரியில் ஒரு மணி நேரம் வெளியே கிடப்பது 0 டிகிரியில் ஆறு மணி நேரம் வாழ்ந்ததற்குச் சமம். பறித்த கிரேட்டுகள் தோட்டத்து ஓரத்தில் நாலு மணி நேரம் வண்டிக்காகக் காத்திருந்தால் கிடங்கு வாழ்வில் ஒரு முழு நாள் போய்விட்டது. பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொட்டால் இன்னும் மோசம்.

எரிவது எது என்பதும் முக்கியம். செர்ரியின் புளிப்புக்குப் பெரும்பங்கு காரணம் மாலிக் அமிலம். சேமிப்பில் முதலில் குறைவது அதுதான். சர்க்கரை அளவில் பெரிய மாற்றம் தெரியாது. அதனால் பழசான செர்ரியை வாயில் போட்டால் இனிப்பு இருக்கும், ஆனால் சப்பென்றிருக்கும். நல்ல செர்ரியின் சுவை இனிப்பும் புளிப்பும் சேர்ந்து நிற்பதால் வருவது. புளிப்பு ஒதுங்கியதும் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தது போல் ஆகிவிடும். சர்க்கரையை அளக்கும் பிரிக்ஸ் மீட்டரை மட்டும் நம்பினால் இந்தச் சரிவு கண்ணில் படாது. எண் அப்படியே இருக்கும், சுவை போயிருக்கும்.

நிறத்திலும் ஒரு குழப்பம் உண்டு. செர்ரிக்குச் சிவப்பைத் தரும் அந்தோசயனின் என்ற நிறமி பறித்த பிறகும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். மரத்தில் இருக்கும்போது நிறம் அடர்ந்தால் பழம் முற்றுகிறது, இனிப்பு ஏறுகிறது என்று பொருள். பெட்டிக்குள் நிறம் அடர்ந்தால் நாள் ஆகிறது என்றுதான் பொருள். ஆகவே தேவையான நிறம் வரும்வரை மரத்தில் விட்டுப் பறிக்க வேண்டும். வெளிர் சிவப்பில் பறித்த பழம் பெட்டியில் கருஞ்சிவப்பாகி ஏமாற்றும். நாக்கில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். மறுபக்கம், மரத்திலேயே மென்மையாகிவிட்ட பழம் நீண்ட சேமிப்பைத் தாங்காது.

காம்பு சொல்லும் கதை

ஒரு பழத்தைக் கையில் எடுத்துக் காம்பைப் பாருங்கள். புதிதாகப் பறித்த செர்ரியின் காம்பு பச்சையாக, வளைத்தால் நெகிழ்ந்து கொடுப்பதாக இருக்கும். சரியாகக் கவனிக்காத பழத்தில் காம்பின் நடுப்பகுதி சுருங்கி மெல்லிசாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் வைக்கோல் போல் ஒடியும். பழம் அப்போதும் பளபளவென்றே இருக்கலாம்.

காரணம் எளிது. பழத்தின் தோலில் மெழுகுப் படலம் இருக்கிறது. உருண்டையான வடிவம் என்பதால் உள்ளே இருக்கும் சதையோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு குறைவு. காம்போ மெல்லிய குச்சி. உள்ளே இருக்கும் நீர் கொஞ்சம், காற்றுபடும் பரப்பு அதிகம். காற்று வறண்டால் முதலில் அடி வாங்குவது அதுதான். செல்கள் காய்ந்து உடையும்போது உள்ளே இருக்கும் நொதிகள் காற்றோடு சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகின்றன. வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பாவதும் இதே வகையில்தான்.

காற்று எவ்வளவு தாகத்தோடு நீரை உறிஞ்சும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பழத்துக்குள் காற்று ஏறக்குறைய முழு ஈரப்பதத்தில் இருக்கும். அந்தக் காற்றிலுள்ள நீராவியின் அழுத்தத்துக்கும் (ஆவி அழுத்தம்) வெளிக்காற்றின் ஆவி அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளிதான் நீரை வெளியே இழுக்கிறது. 20 டிகிரியில் முழு ஈரமான காற்றின் ஆவி அழுத்தம் 2.34 கிலோபாஸ்கல். வெளிக்காற்று 50 சதவீத ஈரப்பதத்தில் இருந்தால் இடைவெளி 1.17. இப்போது 0 டிகிரிக்கு வாருங்கள். அங்கே முழு அழுத்தமே 0.61தான். அறையில் 95 சதவீத ஈரப்பதம் இருந்தால் இடைவெளி வெறும் 0.03. கிட்டத்தட்ட 38 மடங்கு வித்தியாசம். அதே 0 டிகிரி அறையில் ஈரப்பதம் 70 ஆக இறங்கினால் இடைவெளி 0.18 ஆகும், அதாவது ஆறு மடங்கு. குளிர் இருந்தால் போதும், ஈரப்பதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று நினைப்பவர்களின் பெட்டிகளில் காம்பு பழுப்பாவது இதனால்தான்.

இந்தக் கணக்கில் இன்னொரு படியும் இருக்கிறது. 25 டிகிரியில் இருக்கும் சூடான பழத்தை நேராக 0 டிகிரி, 95 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் வைக்கிறோம் என்று வையுங்கள். பழத்துக்குள் ஆவி அழுத்தம் 3.17, அறைக்காற்றில் 0.58. இடைவெளி 2.59. அதே பழம் வெளியே 50 சதவீத ஈரக் காற்றில் இருந்திருந்தால் இடைவெளி 1.59தான். அதாவது குளிர் அறைக்குள் நுழைந்த சூடான பழம், குளிரும் வரை, வெளியே இருப்பதைவிட வேகமாகக் காய்கிறது. இதற்காகக் குளிர் அறையைத் தவிர்க்க முடியுமா? முடியாது. பழம் அந்த இடைநிலையில் கிடக்கும் நேரத்தைச் சுருக்க வேண்டும். அங்கேதான் குளிர்விக்கும் முறை வருகிறது.

எவ்வளவு வேகமாகக் குளிர வேண்டும்?

பழம் குளிர்வது நேர்கோட்டில் நடப்பதில்லை. 28 டிகிரியில் இருக்கும் பழத்தை 0 டிகிரி நீரில் வைத்தால், முதல் பாதி 14 டிகிரிக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அதே நேரம் 14லிருந்து 7க்கு இறங்கவும் ஆகும், 7லிருந்து 3.5க்கும் ஆகும். பாதியாக மூன்று முறை இறங்கினால் வெப்பத்தில் எட்டில் ஏழு பங்கு போய்விட்டது என்று கொள்ளலாம். தொழிலில் குளிர்விப்பை அளப்பது இந்த எட்டில் ஏழு கணக்கில்தான்.

சாதாரண குளிர் அறையில் அடுக்கிய பெட்டிகளின் நடுவில் இருக்கும் பழத்துக்கு இது பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட எடுக்கும். ஃபேன் வைத்துக் காற்றைப் பெட்டிகளின் துளைகள் வழியே இழுத்தால் சில மணி நேரம். ஐஸ் தண்ணீரைப் பழத்தின் மேல் பாய்ச்சினால் சில நிமிடங்களே போதும், ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட மிக வேகமாக வெப்பத்தை அள்ளிச் செல்லும். கூடவே பழம் காய்வதும் நின்றுவிடுகிறது. நீர் சூழ்ந்திருக்கும்போது காம்பிலிருந்து ஆவி போக வழியில்லை. செர்ரிக்கு நீர்க் குளிர்விப்பை முதல் தேர்வாகச் சொல்வதற்கு இந்த இரண்டும் சேர்ந்தே காரணம்.

நடைமுறை இப்படி இருக்கும். பழத்தை விடியற்காலையில், இரவின் குளிர் அதில் இருக்கும்போதே பறிப்பது. காம்பைப் பிடித்துப் பறிப்பது, பழத்தைப் பிடித்து இழுக்காமல் இருப்பது. நிரம்பிய வாளிகளை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை அல்லது வெள்ளி விரிப்பால் மூடுவது. பழத்தின் மேல் ஈரமான ஸ்பாஞ்சு விரிப்பு போட்டால் காம்பு காயாமல் இருக்கும். பறித்த நாலு மணி நேரத்துக்குள் 0 முதல் 1 டிகிரி நீரில் குளிர்வித்து, பழத்தின் உள்வெப்பத்தைப் பெருமளவு இறக்குவது. பிறகு பெட்டியில் அடைத்துக் காற்றால் 0 டிகிரி வரை இறக்குவது.

நீரில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, சுத்தம். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால் ஒரு அழுகல் பழத்தின் பூஞ்சை வித்துகள் ஆயிரம் பழத்துக்குப் போய்ச் சேரும். அதற்காகக் குளோரின் சேர்ப்பார்கள், சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீரில் 100 பங்கு) அளவில். குளோரினை ஊற்றினால் மட்டும் போதாது, நீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 6.5 முதல் 7.5க்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் குளோரின் இருந்தும் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்காது. கீழே இறங்கினால் வாயுவாகக் கிளம்பி மூச்சை முட்டும், இரும்பையும் அரிக்கும். மண்ணும் இலைத்தூளும் சேரச் சேரக் குளோரின் வீணாகும், அதனால் நீரை மாற்றியே ஆக வேண்டும். இரண்டாவது, நேரம். செர்ரித் தோல் நீரை உறிஞ்சும், அதிக நேரம் ஊறினால் வெடிக்கும். மழை பெய்தால் மரத்திலேயே செர்ரி வெடிப்பதும் இதனால்தான். மூன்றாவது, நீர் விழும் உயரம். மேலிருந்து கொட்டும் நீரே பழத்தை அடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத அடி

செர்ரி வணிகத்தில் அதிகம் மனதை நோகடிக்கும் குறை இதுதான். அடைக்கும்போது பெட்டி அழகாக இருக்கும். பத்து நாள் கழித்துத் திறந்தால் பழத்தின் தோளிலும் பக்கவாட்டிலும் சிறு சிறு குழிகள். தோல் கிழிந்திருக்காது, அழுகலும் இருக்காது. சாய்வான வெளிச்சத்தில் பழத்தைத் திருப்பினால், பென்சில் முனையால் அழுத்தியது போல் ஒரு பள்ளம் நிழலாகத் தெரியும். விரல் நுனியால் தடவினால் அங்கே சதை உள்வாங்கியிருக்கும்.

இது குளிரால் வந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். வாழை போன்ற பழங்களுக்குக் குளிர்ப் புண் வரும் என்பதால் இந்த எண்ணம் வருகிறது. செர்ரிக்கு அது கிடையாது. உறையாத வரை எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது. அந்தக் குழிக்குக் காரணம் பறிக்கும்போதோ, வாளியில் கொட்டும்போதோ, தரம் பிரிக்கும் எந்திரத்திலோ பட்ட அடி. தோலுக்கு அடியில் சில அடுக்குச் செல்கள் நசுங்குகின்றன. அன்று ஒன்றும் தெரியாது. நசுங்கிய செல்கள் நீரை இழந்து சரிய நாள் பிடிக்கும். அதனால் அடித்தவர் கண்ணில் படுவதில்லை, வாங்கியவர் கண்ணில்தான் படுகிறது.

வெப்பநிலை இங்கேயும் விளையாடுகிறது, ஆனால் எதிர்பாராத திசையில். பழத்தின் உள்வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் விழும் அடிக்கு அது எளிதில் குழிவிழும். சூடாக இருந்தால் நீண்ட நேர அதிர்வும் உராய்வும்தான் அதிகம் பாதிக்கும். ஆகவே 0 டிகிரிக்கு முழுக்கக் குளிர்வித்த பழத்தைத் தரம் பிரிக்கும் எந்திரத்தில் உருட்டுவது தவறு. பாதி குளிர்வித்து, மென்மையாகத் தரம் பிரித்து, பெட்டியில் அடைத்த பிறகு மீதிக் குளிர்ச்சியைத் தருவதுதான் நல்ல சமரசம். எந்திரத்தில் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குப் பழம் விழும் ஒவ்வொரு இடத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் சின்ன வீழ்ச்சிதான், ஆனால் பழம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்கிறது.

கிடங்கில்: குளிர், ஈரம், காற்று

சேமிப்பு அறைக்குச் சிறந்த வெப்பநிலை மைனஸ் 0.5 முதல் 0 டிகிரி. ஈரப்பதம் 90 முதல் 95 சதவீதம். செர்ரியின் சாறு சர்க்கரைக் கரைசல் என்பதால் அது 0 டிகிரியில் உறையாது. மைனஸ் 1.8 டிகிரிக்கு அருகே உறையத் தொடங்கும், சர்க்கரை கூடினால் இன்னும் கொஞ்சம் கீழே. இடைவெளி ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான். தெர்மோஸ்டாட்டில் எழுதிய எண்ணை நம்பிப் பயனில்லை. குளிர்காற்று வெளியேறும் வாயருகே அடுக்கிய பெட்டி உறையலாம், மூலையில் காற்றுப் போகாத பெட்டி 3 டிகிரியில் கிடக்கலாம். ஊசி போன்ற முனை உள்ள தெர்மாமீட்டரைப் பழத்துக்குள் குத்திப் பல இடங்களில் பார்ப்பதுதான் சரியான வழி. பெட்டி அடுக்குகளுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று ஓட இடம் விட வேண்டும்.

ஈரப்பதம் ஏன் குறைகிறது என்று தேடினால் பெரும்பாலும் குளிரூட்டும் சுருளில் விடை கிடைக்கும். சுருள் அறையைவிட மிகக் குளிராக இருந்தால் அறைக்காற்றின் ஈரம் அதன்மேல் பனியாகப் படிந்துவிடும். அந்தப் பனி எங்கிருந்து வந்தது? பழத்திலிருந்தும் காம்பிலிருந்தும்தான். பரப்பு அதிகமுள்ள பெரிய சுருளை, அறையைவிடச் சில டிகிரி மட்டுமே குளிராக ஓட்டினால் இந்தக் களவு குறையும். சின்ன சுருளை வாங்கிப் பணம் மிச்சம் பிடிப்பவர் அதைக் காம்பில் கட்டுகிறார்.

சாதாரணக் காற்றில் இந்த நிலையில் இனிப்புச் செர்ரி இரண்டு முதல் நாலு வாரம் தாங்கும். புளிப்புச் செர்ரி அவ்வளவு தாங்காது. பறித்ததும் பதப்படுத்துவதே வழக்கம். நாலு வாரத்துக்கு மேல் வேண்டுமென்றால் காற்றின் கலவையை மாற்ற வேண்டும். சிலியிலிருந்து சீனாவுக்குக் கப்பலில் போகும் செர்ரி கடலில் மட்டுமே மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும். அந்தப் பயணத்தைச் சாத்தியமாக்கியதில் பெட்டிக்குள் விரிக்கும் தனி வகைப் பாலித்தீன் உறைக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த உறை வேலை செய்வது இப்படி. பழம் சுவாசிக்கிறது, உள்ளே ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. பாலித்தீன் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். ஒரு கட்டத்தில் உள்ளே உண்டாவதும் வெளியே கசிவதும் சமமாகி நிற்கும். செர்ரிக்கு ஏற்ற சமநிலை ஆக்சிஜன் 5 முதல் 10 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 10 முதல் 15 சதவீதம். இந்த நிலையில் சுவாசம் மந்தமாகும், அமிலம் குறையாமல் நிற்கும், காம்பு பச்சையாக இருக்கும், பூஞ்சையின் வளர்ச்சியும் தடைபடும். உறைக்குள் ஈரப்பதம் தானாகவே உயர்ந்து நிற்பது கூடுதல் நன்மை.

எல்லை தாண்டினால் இதே உறை எமனாகும். ஆக்சிஜன் 1 சதவீதத்துக்குக் கீழே போனால் பழம் காற்றில்லாமல் நொதிக்கத் தொடங்கி, சாராய வாடையும் தோலில் குழிகளும் வரும். கார்பன் டை ஆக்சைடு 30 சதவீதத்தைத் தாண்டினால் தோல் பழுப்பாகும், சுவை கெடும். இது பெரும்பாலும் எப்படி நடக்கிறது தெரியுமா? பழம் குளிரும் முன்பே உறையைக் கட்டிவிடுவதால். உறையின் கசிவு வேகம் 0 டிகிரிப் பழத்துக்காக வகுத்தது. 10 டிகிரிப் பழம் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் சுவாசிக்கும்போது உறையால் ஈடுகொடுக்க முடியாது. அதே காரணத்தால், பழத்தைச் சூடான இடத்துக்குக் கொண்டுவரும் முன் உறையைக் கிழித்துத் திறந்துவிட வேண்டும். கட்டிய உறையோடு கடையில் வெளியே வைத்த பெட்டி ஒரே நாளில் நாறிவிடும்.

பூஞ்சையும் வியர்வையும்

செர்ரியை அழுகவைப்பதில் முன்னால் நிற்பவை நாலைந்து பூஞ்சைகள். சாம்பல் பூஞ்சை, பழுப்பு அழுகல், நீலப் பூஞ்சை, ரைசோபஸ் என்ற மென் அழுகல். குளிரின் பயன் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. ரைசோபஸ் 5 டிகிரிக்குக் கீழே வளராது, சரியாகக் குளிர்வித்தாலே அதன் தொல்லை முடிந்தது. சாம்பல் பூஞ்சை அப்படியல்ல. 0 டிகிரியிலும் மெதுவாக வளரும், பழத்துக்குப் பழம் நூல் விட்டுத் தாவி ஒரு கூடு போலப் பிணைத்துவிடும். குளிர் அதைக் கொல்லாது, தாமதப்படுத்தும். அதனால்தான் வெடித்த பழம், காம்பு பிடுங்கித் தோல் கிழிந்த பழம், ஏற்கெனவே அழுகிய பழம் எல்லாவற்றையும் அடைப்பதற்கு முன்பே எடுத்தெறிய வேண்டும்.

இந்தப் பூஞ்சைகளுக்கு மிகப் பெரிய உதவி நீர்த்துளி. ஈரக் காற்று நல்லது, ஈரப் பழம் கெட்டது; இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அறை வெப்பம் 0க்கும் 3க்கும் நடுவே ஏறி இறங்கினால், ஏறும்போது உறைக்குள் ஆவியானது இறங்கும்போது துளியாகப் படியும். குளிர்ந்த பெட்டியைச் சூடான வெளிக்காற்றில் வைத்தாலும் ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போலப் பழம் வியர்க்கும். காம்பு பழத்தோடு சேரும் அந்தச் சிறு குழியில் நீர் தேங்கும், அங்கேதான் பூஞ்சை வித்து முளைக்கும். லாரியிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து கடைக்கு என்று கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் குளிர்ச் சங்கிலி அறுகிறதா என்று பார்ப்பது இதனால்தான். நிலையான 2 டிகிரி, 0க்கும் 4க்கும் நடுவே ஆடும் அறையைவிட மேல்.

பெட்டியைத் திறந்ததும் படிக்கத் தெரிந்தால்

குறையைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. பழம் கெட்டியாக இருந்து காம்பு மட்டும் பழுப்பாக இருந்தால், குளிர்விக்கத் தாமதமாகியிருக்கிறது அல்லது அறை வறண்டிருக்கிறது. காம்பு பச்சையாக இருந்தும் சுவை சப்பென்று இருந்தால், நல்ல உறையில் வெகுநாள் கிடந்த பழம். பச்சைக் காம்பு புத்தம்புதிய பழத்துக்கு முழு உத்தரவாதம் அல்ல என்பதை இது காட்டுகிறது. குழிகள் ஒரே சீராக எல்லாப் பழத்திலும் இருந்தால் அடைப்பு எந்திரத்தைச் சந்தேகிக்கலாம். சில பழங்களில் மட்டும் என்றால் பறித்த கையை. சாராய வாடை என்றால் உறை சூட்டில் மூடியிருந்தது. தோல் சுருங்கிக் காம்பருகே மடிப்பு விழுந்திருந்தால் நீரிழப்பு பழத்தையே எட்டிவிட்டது. மஞ்சளும் சிவப்பும் கலந்த ரெய்னியர் வகையில் அடிபட்ட இடம் பழுப்புத் தடமாகப் பளிச்சென்று தெரியும். கருஞ்சிவப்பான பிங் வகையில் அதே அடி நிறத்துக்குள் மறைந்துகொள்ளும்.

வீட்டில்

வாங்கி வந்ததும் கழுவாதீர்கள். கழுவினால் காம்புக் குழியில் நீர் தங்கும். அடிபட்டது, வெடித்தது, பூஞ்சை பிடித்தது இருந்தால் பொறுக்கி எடுங்கள். காம்பைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கிய இடம் திறந்த புண். துளையிட்ட கவரிலோ மூடியை லேசாகத் திறந்த டப்பாவிலோ போட்டு, அடியில் ஒரு காகிதத் துண்டு விரித்து, ஃப்ரிட்ஜின் உள்பக்கம், குளிர் அதிகமாக இருக்கும் தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பழம் சூடாகிக் குளிரும். உயரமாகக் குவிக்காதீர்கள், அடிப்பழம் நசுங்கும்.

வீட்டு ஃப்ரிட்ஜ் சுமார் 4 டிகிரியில் இருக்கும். கிடங்கோடு ஒப்பிட்டால் பழம் அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகச் செலவழிகிறது. நல்ல பழம் ஒரு வாரம் தாங்கும். கடைக்கு வருமுன் அது எத்தனை நாள் பயணித்தது என்பதைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். சாப்பிடத் தேவையானதை மட்டும் வெளியே எடுத்துக் கழுவுங்கள். முழு டப்பாவையும் மேசையில் வைத்து மீண்டும் உள்ளே வைப்பது மீதிப் பழத்தை வியர்க்க வைக்கும்.

ஒரு வாரத்தில் முடியாது என்று தெரிந்தால், பழம் நன்றாக இருக்கும்போதே ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். கெடத் தொடங்கிய பிறகு உறையவைத்தால் கெட்டதுதான் உறையும். கழுவி, துணியில் உருட்டி நன்றாக ஈரம் துடைத்து, காம்பையும் கொட்டையையும் எடுத்துவிடுங்கள். கொட்டையோடு வைத்தால் நாளாக ஆக லேசான பாதாம் மணம் சதையில் இறங்கும். ஒரு தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி மைனஸ் 18 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். பிறகு கவரில் கொட்டிக் காற்றை வெளியே அழுத்தி மூடுங்கள். தட்டில் பரப்புவது ஒட்டாமல் இருக்க மட்டுமல்ல. தனித்தனியாக இருக்கும் பழம் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உறைந்தால் ஐஸ் படிகங்கள் சிறிதாக இருக்கும், செல் சுவர்கள் குறைவாகக் கிழியும். அப்படியும் உருகிய செர்ரி பழைய கெட்டிக்குத் திரும்பாது. நடுவில் கொஞ்சம் ஐஸ் இருக்கும்போதே சாப்பிட்டால் வடிவம் நிற்கும். முழுக்க உருகவிட்டால் அடியில் தேங்கும் சிவப்புச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், பழத்தின் நிறத்திலும் புளிப்பிலும் ஒரு நல்ல பங்கு அதற்குள்தான் போயிருக்கும்.